டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? கண்ணையும் கழுத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

'டேப்லெட்' என்று யாராவது சொன்னால் ரொம்ப காலமாக எனக்கு மாத்திரைதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது சுரண்டையில் என்னிடம் வருகிற தாய்மார்கள் அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில் சொல்கிறார்கள். "பிள்ளை படிக்கிறதுக்கு ஒரு டேப்லெட் வாங்கலாம்னு இருக்கோம் டாக்டர். கண்ணு கெட்டுப் போயிருமா?" ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் போதும், குற்றாலச் சாரலில் பிடித்த சளிக்கு மருந்து கேட்க வந்தவர்கள்கூட போகிறபோக்கில் இதையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நியாயமான கேள்விதான். கடைக்குப் போனால் ராம் எவ்வளவு, ஜி.பி. எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு தினமும் மணிக்கணக்கில் உட்காரப் போகிற பத்து வயசுப் பிள்ளையின் கண்ணுக்கும் கழுத்துக்கும் எது தோது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிற அந்த அம்சங்களையே வைத்தியன் கண்ணால் ஒரு தடவை வாசித்துப் பார்ப்போமா?

'ஆகாஷ்' சொல்லிக் கொடுத்த பாடம்

சின்ன வயசில் நாம் எழுதின சிலேட்டு இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான் டேப்லெட். தனியாக கீபோர்டு கிடையாது. திரையையே விரலால் தொட்டு வேலை வாங்க வேண்டும். 2005-ல் நோக்கியா கம்பெனி '770' என்ற ஒரு சாதனத்துக்கு 'இன்டர்நெட் டேப்லெட்' என்றே பெயர் வைத்து விற்றது. திரை 4 அங்குலம் சொச்சம்தான். அதில் சிம் போட்டுப் போன் பேச முடியாது. 2010-ல் ஆப்பிளின் 'ஐபேட்' வந்த பிறகுதான் இந்தச் சிலேட்டு வீட்டுச் சாமானாக ஆரம்பித்தது.

நம் நாட்டில் இதைப் பெரிசாகப் பேச வைத்தது 'ஆகாஷ்'. 2011 அக்டோபர் 5-ந் தேதி டெல்லியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். தயாரித்தது 'டேட்டாவிண்ட்' என்ற கம்பெனி. அரசாங்கத்துக்கு விழுந்த விலை 2,276 ரூபாய். 7 அங்குலத் திரை, எடை சுமார் 350 கிராம். மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தபோதுதான் வம்பு தெரிந்தது. திரை விரல் சொன்னதைக் கேட்கவில்லை, பேட்டரியும் நிற்கவில்லை.

காரணம் இதுதான். அந்தத் திரை 'ரெசிஸ்டிவ்' ரகம். மெல்லிய இரண்டு படலங்கள், நடுவே துளி இடைவெளி. நாம் அழுத்தினால்தான் ஒன்றோடொன்று ஒட்டி, எந்த இடம் என்று கருவிக்குத் தெரியும். லேசாகத் தொட்டால் பேசாமல் இருக்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் விரலும் மணிக்கட்டும் வலிக்காமல் என்ன செய்யும்? அடுத்த ஆண்டு, 2012 நவம்பர் 11-ந் தேதி, ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி வெளியிட்ட 'ஆகாஷ் 2'-ல் 'கெபாசிட்டிவ்' ரகத் திரையைப் போட்டார்கள். நம் விரல் தோலில் உள்ள மின்தன்மையையே அது உணர்ந்துகொள்ளும். தடவினால் போதும், அழுத்த வேண்டாம். இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். எழுதுகோலை வாங்கினால் கை வலிக்காமல் எழுத முடிகிறதா என்று பார்ப்போமில்லையா? அதுபோல, கடையிலேயே டேப்லெட்டைக் கையில் வாங்கி ஐந்து நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். வெட்கப்படாதீர்கள்!

இடையே ஒரு சின்ன விஷயம். எண்ணெய் தேய்த்த கையோடும், பஜ்ஜி தின்ற கையோடும் திரையைத் தொட்டால் அது மங்கிப் போகிறது. மங்கின திரையை உற்று உற்றுப் பார்த்துத் தலைவலி என்று வருகிறார்கள். பழைய பருத்தி வேட்டித் துணியால் தினம் ஒருமுறை துடைத்தால் தீர்ந்தது.

எத்தனை அங்குலம்?

போனா, டேப்லெட்டா என்று கேட்டால், படிக்கிற பிள்ளைக்கு டேப்லெட்தான் மேல் என்பேன். போனில் எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் பிள்ளை அதை மூக்குக்கிட்டே கொண்டுபோகிறது. திரை பெரிசானால் ஒன்றரை அடி தள்ளி வைத்தும் வாசிக்கலாம். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள்ளே இருக்கிற தசை இறுகிப் பிடித்துக்கொண்டே இருக்கும். தள்ளிப் பார்த்தால் அந்த வேலை குறையும். ஆகவே 10 அங்குலம் நல்லது, 8 பரவாயில்லை. பெரிய திரையை வாங்கிக் கொடுத்தும் பிள்ளை மூக்குக்குக் கிட்டேயே வைத்துப் பார்க்கிறது என்றால் அது டேப்லெட்டின் குறையல்ல. கிட்டப்பார்வை ஆரம்பித்திருக்கலாம், கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையை வெறித்துப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கண்ணீர் பரவாமல் கண் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. இதற்கு உலகம் பூராவும் சொல்கிற எளிய வழி, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 விநாடி பார்ப்பது. மாடியில் உட்கார்ந்தால் நமக்கு மேற்கே மலை தெரிகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்!

"நீல ஒளியைத் தடுக்கிற கண்ணாடி வாங்கட்டுமா டாக்டர்?" வேண்டாம். ஏற்கெனவே நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2023-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பிலே, கண் களைப்புக்கு அந்தக் கண்ணாடியால் விசேஷமான பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் வந்தது. அந்தக் காசுக்குப் பொன்னாங்கண்ணிக் கீரையும் முருங்கைக் கீரையும் வாரம் மூன்று நாள் செய்து போடுங்கள். கீரை தின்றால் கண்ணாடியைக் கழற்றி எறியலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். கீரை கண்ணுக்குத் தீனி. ஏறின பவரை இறக்குகிற மருந்து அல்ல.

பவர் ஏறாமல் தடுப்பதற்கு உருப்படியான சாட்சி இருப்பது வெயிலுக்குத்தான். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 2 மணி நேரம் வெளிச்சத்தில் வெளியே விடும்படி ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே இருந்த கிட்டப்பார்வை அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. டேப்லெட் வாங்கிக் கொடுத்த வீட்டில், சாயங்காலம் தெருவில் விளையாட விடுவதும் அந்த விலையோடு சேர்ந்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடியில் சுளவு, மடியில் சிலேட்டு

நம்ம பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்கள் ஏராளம். சுளவை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே இருப்பு. கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து விரல் நுனிக்கும் இழுக்கிற வலியோடு அவர்கள் வருவார்கள். சித்த மருத்துவத்தில் இதைச் சகன வாதம் என்போம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் இது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் வியாதி. இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள். விசாரித்தால், சுளவு இருந்த இடத்தில் டேப்லெட்!

நம் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. நேரே பார்க்கும்போது கழுத்து தாங்குவது அவ்வளவுதான். 2014-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு முதுகெலும்பு அறுவை நிபுணர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தலையை 60 டிகிரி கவிழ்த்தால் கழுத்தெலும்பின் மேல் விழுகிற பாரம் சுமார் 27 கிலோ என்று வந்தது. ஒரு மூட்டை அரிசியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பாடம் படிக்கிற மாதிரி!

ஆகவே நீங்கள் கடையில் கேட்க வேண்டிய முக்கியமான அம்சம் கேமரா இல்லை, ஸ்டாண்டு. பின்னால் மடித்து நிறுத்துகிற உறை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை மேஜையில் நிறுத்தி, கீழே இரண்டு தடித்த புத்தகம் அண்டை கொடுத்தால் திரை கண்ணுக்குச் சற்றே கீழே நிற்கும். மேஜை இல்லாத வீட்டில் ஒரு மணைப்பலகையின் மேல் வைக்கலாம். 10 அங்குல டேப்லெட் அரைக் கிலோவுக்குக் கிட்டே இருக்கும். அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி பார்த்தால் பெருவிரலின் அடியில் வலி பிடிக்கும். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடிப்பது இன்னும் மோசம். கை தளர்ந்து மூக்கில் விழுந்து, ரத்தம் கட்டி வந்த பிள்ளையும் உண்டு.

வலி வந்தாயிற்று, என்ன செய்ய? இளஞ்சூட்டு ஒத்தடம், கழுத்தை மெதுவாகத் திருப்புகிற பயிற்சி, வாரம் இரண்டு எண்ணெய் முழுக்கு. கை மரத்துப் போனாலோ, பிடி தளர்ந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது. தெருவில் 'சொடக்கு' எடுக்கிறவரிடம் கழுத்தைக் கொடுக்கவே கூடாது.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. உடம்பு தானாகக் கேட்கிற காரியங்கள் இவை. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, கண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். அடக்கினால் நோய் என்று பெரியவர்கள் எழுதி வைத்தார்கள். டேப்லெட்டில் விளையாடுகிற பிள்ளையைக் கால் மணி நேரம் கவனித்துப் பாருங்கள். காலை ஒடுக்கிக்கொண்டு நெளியும், பாத்ரூம் போகாது. "சாப்பிட வாடா" என்றால் "ரெண்டு நிமிஷம்மா!" கொட்டாவி வரும், தூங்காது. ஒரே உட்காரலில் நாலைந்து வேகத்தை அடக்கிவிடுகிறது! மலச்சிக்கல், நீர்க்கடுப்பு என்று வருகிற பிள்ளைகளிடம் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்.

தூக்கத்துக்கு நேரடிக் கணக்கே இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 பேரைச் சில நாள் இரவு ஒளிவிடும் திரையிலும், சில நாள் காகிதப் புத்தகத்திலும் படிக்க வைத்தார்கள். திரையில் படித்த நாட்களில் தூக்கம் பிடிக்கச் சராசரியாக 10 நிமிஷம் தாமதம். தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் சுரப்பும் குறைந்தது. டேப்லெட்டில் 'நைட் லைட்' என்று ஓர் அம்சம் இருக்கும், திரை மஞ்சளாகும். இருக்கட்டும். ஆனால் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அணைப்பதற்கு அது ஈடாகாது. இரவு சார்ஜ் போடுகிற இடம் பெற்றோர் அறையாக இருக்கட்டும். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடவே கூடாது, பேட்டரி சூடாகும். பின்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே உபயோகத்தை நிறுத்துங்கள்.

குழந்தைகளுக்கு வயசுக் கணக்கும் உண்டு. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறு ஊட்டுவதற்காகத் திரையைக் காட்டுகிற வழக்கம் இந்தக் கணக்கில் எங்கேயும் பொருந்தாது.

சிம் போடுகிற டேப்லெட்டா, வைஃபை மட்டும் உள்ளதா? பிள்ளைக்கு என்றால் வைஃபை மட்டும் போதும், விலையும் குறைவு. அம்மாவின் போனிலிருந்து இணைப்பு கொடுத்தால், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி திறப்பும் மூடலும் அம்மா கையில்! கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள். இது ரேடியோ அலை, எக்ஸ்ரே ஜாதி அல்ல. டேப்லெட்டைக் காதில் வைத்துப் பேசுவதுமில்லை. எனக்குக் கவலை தூக்கத்தைப் பற்றித்தான்.

ஆச்சிக்கும் ஒரு டேப்லெட்

பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்தச் சாதனத்தால் ஜாஸ்தி லாபம் வயசானவர்களுக்குத்தான். மகன் துபாயில், மகள் சென்னையில் என்று இருக்கிற ஆச்சிகளுக்குப் பேரப்பிள்ளை முகம் பெரிசாகத் தெரிகிறது. வெள்ளெழுத்துக்காரர்கள் இரண்டு விரலால் எழுத்தை விரித்துப் பேப்பர் படிக்கலாம். செட்டிங்ஸில் போய் எழுத்தையே நிரந்தரமாகப் பெரிசாக்கலாம். திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டுகிற வசதியும் பல டேப்லெட்களில் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கிற மகன், விலையைச் சொல்லிக் காட்டாமல் இந்த மூன்றையும் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனால் புண்ணியம்.

ஆனால் ஒன்று. எழுத்தைப் பெரிசாக்குகிற இதே வசதி பார்வை குறைவதை மறைத்தும்விடும். போன வருஷம் ஒரு தடவை விரித்தது, இந்த வருஷம் மூன்று தடவை விரிக்க வேண்டியிருக்கிறது. ஆச்சிக்கு அது வித்தியாசமாகவே படாது. "நல்லாத்தான் தெரியுதுய்யா" என்பார். உள்ளே கண்புரை முற்றிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நோயாளியானால் விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கியிருக்கலாம். அதற்கு ஆரம்பத்தில் வலியும் கிடையாது, உறுத்தலும் கிடையாது. இழந்த பார்வையை முழுசாக மீட்பதும் கஷ்டம்.

அதனால் மாதம் ஒருநாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் ஒரே அளவு எழுத்தை ஆச்சியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றி வாசிக்கட்டும். முந்தைய மாதத்தைவிடப் பெரிசாக்க வேண்டியிருந்தாலோ, வரி வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கறுப்புத் திட்டு தெரிந்தாலோ காத்திருக்காமல் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கோ, திருநெல்வேலிக்கோ கூட்டிப் போய்க் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றும் தெரியாவிட்டாலும் வருஷம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். கண்மணியை விரிய வைக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். தனியே பஸ் ஏற்றி அனுப்பாமல் வீட்டு ஆள் ஒருத்தர் கூடப் போங்கள்.