ஆளில்லாத காணி, உரிமையாளர் இல்லாத காணியன்று

மாரி ஓய்ந்து தை மாதம் பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீரேரிக் கரைகள் தனி அழகு பெற்றுவிடுகின்றன. வல்லை வெளியில் நீர் பரந்து கிடக்கிறது. தொண்டைமானாற்றின் ஓரங்களில் கண்டல் மரங்கள் நிழல் விரிக்கின்றன. வலசை வரும் பூநாரைகள் ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. இந்த அமைதியை நாடிக் கூடாரங்களுடன் வந்து ஓரிரவைக் கரையில் கழிக்கும் விருப்பம் எமது இளைஞரிடத்தும், புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் உறவினரிடத்தும், தெற்கிலிருந்து வரும் பயணிகளிடத்தும் காணப்படுகின்றது. பிறந்த மண்ணை அறிந்துகொள்ள இது நல்ல வழி என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், கூடாரத்தின் முளை அறையப்படும் நிலம் யாருடையது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை இங்கு ஆராய்வது பொருத்தமானதாகும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. தொண்டைமானாறு, உப்பாறு என்பன பெயரளவில் ஆறுகளாயினும் உண்மையில் அவை கடல்நீரேரிகளே. வழுக்கையாறு ஒன்றே மழைக்காலத்தில் ஓடி, வலிகாமத்தின் வயல்வெளிகளைக் கடந்து அராலிப் பக்கத்தில் நீரேரியை அடைகின்றது. இந்த நீர்நிலைகளின் கரையோரங்களிற் பல, யாரோ ஒருவரது வயலின் கடைசி வரம்பாகவோ பனங்கூடலின் பின்புறமாகவோ தென்னந்தோட்டத்தின் எல்லையாகவோ அமைந்துள்ளன. பார்வைக்கு அவை வெறும் வெளிகள். பதிவேட்டிலோ அவை உறுதியுடன் கூடிய தனியார் காணிகள்.

வெளியிடத்தில் இராத்தங்குவது எமது மக்களுக்குப் புதிய வழக்கமன்று. தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்திலிருந்து கதிர்காமம் நோக்கிப் புறப்படும் பாதயாத்திரிகர்கள், வழியிலுள்ள ஆலய வளவுகளிலும் மர நிழல்களிலும் உறங்கியே கிழக்குக் கரையைக் கடக்கின்றனர். மீன்பிடிக் காலங்களில் கடற்றொழிலாளர் கரைகளில் வாடி அமைத்துத் தங்குவது தலைமுறை தலைமுறையாக நிலவி வரும் வழக்கம். ஆனால், இவ்விரண்டிலும் வருபவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். எங்கு தங்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம் என்பதை ஊரே காட்டிக்கொடுக்கும். கேட்டுத் தங்குதல் என்பதே இந்த மரபின் உயிர்நாடியாகும்.

இம்மரபை நாம் இன்று வலியுறுத்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அந்த ஆண்டில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதியன்று, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களைக் கைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். வலிகாமம் வடக்கிலோ உயர் பாதுகாப்பு வலயத்தின் பேரால் பல கிராமங்களின் காணிகள் பல ஆண்டுகளாக மக்களுக்கு எட்டாதவையாயின. இவ்வாறு இரு சமூகத்தவரின் காணிகளும் வேலி சிதைந்து, பற்றை படர்ந்து, ஆளரவமற்றுக் கிடந்தன. இன்றும் அவ்வாறு கிடப்பவை உண்டு. அக்காணிகளின் சொந்தக்காரர்கள் புத்தளத்திலோ கொழும்பிலோ ரொரன்ரோவிலோ இருக்கக்கூடும். அவர்கள் உறுதியைப் பத்திரப்படுத்தியே வைத்திருக்கின்றனர். ஆளில்லாத காணி உரிமையாளர் இல்லாத காணியன்று என்பதை இரு சமூகத்தவரும் பட்டறிந்துள்ளோம்.

இது குறித்துச் சட்டம் கூறுவதையும் நோக்குவோம். இலங்கையில் தனியார் காணியில் உலாவவோ தங்கவோ பொதுமக்களுக்கெனப் பொதுவான உரிமை எதுவும் இல்லை. உரிமையாளரின் சம்மதம் தேவை. தேசவழமையின்படி உரித்துப் பெறும் தமிழ்க் குடும்பமாயினும், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின்படி பங்கு பெறும் முஸ்லிம் குடும்பமாயினும், ஒரே காணி பிரிக்கப்படாத பங்குகளாகப் பலருக்குச் சொந்தமாவது இங்கு சாதாரணம். ஆகையால், அயலவர் ஒருவர் "தங்குங்கள்" எனக் கைகாட்டுவது போதாது. காணியைப் பராமரிப்பவர் யார், அவர் யார் சார்பில் பேசுகிறார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

காணி உரிமையாளர்கள் சிலருக்கு ஓர் அச்சமும் உண்டு. பிறரைத் தங்கவிட்டால் நாளடைவில் காணி கைமாறிவிடும் என அவர்கள் எண்ணுகின்றனர். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிரான முறையில் ஒரு காணியை ஆண்டனுபவித்தால் அதன்மீது உரித்துக் கோர முடியும். போர்க்காலத்தில் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தோர் இதனாற் பாதிக்கப்பட்டமையாலேயே, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் மட்டுப்படுத்தப்பட்டதொரு கால அவகாசத்துடன் கொண்டுவரப்பட்டது. ஆனால், கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுள்ளது. உரிமையாளரின் அனுமதியுடன் தங்குபவர் அவருக்கு எதிராக ஆள்பவர் அல்லர். எனவே, திகதியும் நாட்களும் குறித்த ஓர் அனுமதிக் கடிதம் உரிமையாளரின் உரித்தைக் குறைப்பதில்லை. மாறாக, அவ்வுரித்தைத் தங்க வந்தவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்றாகின்றது. விருந்தினருக்கும் அது காப்பு, காணிக்காரருக்கும் காப்பு.

கரையின் நிலை சற்று வேறானது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையிலான பகுதியைக் கரையோர வலயமாக வரையறுக்கின்றது. கடலுடன் தொடுப்புள்ள நீரேரிகளைப் பொறுத்தவரை, முகத்துவாரத்திலிருந்து உட்புறமாக 2 கிலோமீற்றர் வரை இவ்வலயம் நீளும். வலயத்தினுள் கட்டடம் எழுப்புதல், மணல் அகழ்தல், நிலம் நிரப்புதல், கழிவு கொட்டுதல் ஆகியன அபிவிருத்திச் செயற்பாடுகளாகக் கருதப்பட்டு, அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுகின்றன. ஓரிரவுக் கூடாரம் வேறு, விருந்தினருக்கென நிரந்தரக் குடில்களை எழுப்புவது வேறு. சொந்தக் காணியாயினும் பின்னையதற்கு அனுமதி பெறுவது அவசியம் என்பதைக் காணிக்காரர் மறத்தலாகாது.

உலகின் சில நாடுகள் இவ்விடயத்தில் வேறு வழி கண்டுள்ளன. சுவீடனில் பிறர் நிலத்தில் நடக்கவும் ஓரிரவு கூடாரமிடவும் அனைவருக்கும் உரிமை உண்டு. குழப்பமும் சேதமும் விளைவித்தல் கூடாது என்பதே நிபந்தனை. ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய உரிமையைப் பொறுப்புடன் இணைத்து வழங்கியது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், தனியாருக்குச் சொந்தமான பொது மேய்ச்சல் வெளிகளில் கூடாரமிடும் உரிமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985ஆம் ஆண்டின் சட்டமொன்றை ஆதாரமாகக் கொண்டு, அவ்வுரிமை உண்டென 2025 மே மாதத்தில் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆனால், அந்நாடுகளின் நியாயத்தை இங்கு அப்படியே நட்டுவிட முடியாது. அங்கு நிலவுடைமையாளர் தமது நிலத்தை இழந்துவிடுவோம் என அஞ்சுவதற்கு இடமில்லை. இங்கோ காணி என்பது இழந்து, காத்திருந்து, வழக்காடி மீட்டெடுக்கப்பட்ட ஒன்று. எனவே எமக்கு உகந்தது பொது உரிமையன்று, கேட்டுப் பெறும் அனுமதியே.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். வெடிப்புகளும் துளைகளும் நிறைந்த அக்கல்லினுள், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எமது கிணறுகளை நிரப்புகின்றது. மேலே கொட்டப்படும் அழுக்கு கீழே செல்ல நீண்ட காலம் எடுப்பதில்லை. ஆகையால், கிணற்றுக்கும் நீர்க்கரைக்கும் அருகில் மலசலம் கழிப்பதும், சவர்க்கார நீரை ஊற்றுவதும், குப்பைகளைப் புதைப்பதும் அயற்குடும்பங்களின் குடிநீருக்குச் செய்யும் தீங்காகும். தேங்கிய நீரையும் வழிகளையும் மக்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை இஸ்லாம் விலக்கியுள்ளது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவையேனும் அநியாயமாகக் கொள்வதை அது பெரும் பாவமாக எண்ணுகின்றது. தீர்த்தங்களைப் புனிதமாகப் போற்றும் சைவ மரபின் உணர்வும் இதற்கு அந்நியமானதன்று.

இறுதியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விடயம் உள்ளது. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என நீண்ட முன்னைய போர் அரண் வரிசைகள் கண்ணிவெடிகளால் நிறைந்திருந்தன. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அகற்றும் பணி பெரும் முன்னேற்றம் கண்டுள்ளபோதிலும் முற்றுப்பெறவில்லை. வெள்ளம் வெடிபொருட்களை இடம்பெயர்க்கவும் கூடும். அறிமுகமற்ற பற்றைக்காணிக்குள் விறகு பொறுக்கச் செல்வதும் தீமூட்டுவதும் விளையாட்டல்ல. எந்த இடம் பாதுகாப்பானது என்பதை அறிந்தவர் காணிக்காரரும் கிராம அலுவலருமே. கேட்டுச் செல்வது இங்கு மரியாதை மட்டுமன்று, தற்காப்புமாகும்.

ஆகவே, கரையில் தங்க விரும்புவோர் முன்கூட்டியே காணிக்காரரைத் தேடிக் கேட்க வேண்டும்; எழுத்தில் அனுமதி பெற வேண்டும்; கிராம அலுவலருக்கு அறிவிக்க வேண்டும்; கொண்டு சென்றவற்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பிரதேச சபைகள் இதற்கென எளிய அனுமதிப் படிவமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு வழங்குமாயின் பேருதவியாக அமையும். புத்தளத்திலோ கடல் கடந்தோ வாழும் ஒருவரை, அவரது காணியில் ஓரிரவு தங்க அனுமதி கேட்டு அழைப்பவர், அந்தக் காணி இன்னும் அவருடையதே என்பதை அவருக்கு உணர்த்துகின்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்போர் எம்மிடையே உள்ளனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.