"துண்ணூறு பூசி வுடும்மா!" நர்சு படிக்க வந்த கிறிஸ்தவ மாணவி தவித்த தவிப்பு

சென்னை:
காலை மணி ஏழே கால். வட சென்னையில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டு. கட்டிலில் படுத்திருந்த வியாசர்பாடிப் பாட்டி, வார்டுக்குப் புதிதாக வந்திருந்த நர்சு மாணவியைக் கை ஜாடை காட்டக்கூட முடியாமல் வாயால்தான் கூப்பிட்டார்.

"யம்மா பொண்ணு! தலகாணி அடில துண்ணூறு பொட்டலம் கீது. கொஞ்சம் எட்து நெத்தில பூசி வுடும்மா."

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தவர். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் சலைன் ஊசி. இடுப்பு எலும்பும் முறிந்து விட்டதால் எழுந்து உட்கார வழியில்லை. விவரம் தெரிந்த நாளில் இருந்து ஒரு நாளும் வெறும் நெற்றியோடு இருந்ததில்லையாம்.

மாணவி பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். அப்படியே நின்று விட்டாள்.

காரணம், அவள் கிறிஸ்தவப் பெண். திருநீற்றை அதுவரை தொட்டதே கிடையாது. தொடக்கூடாது என்று சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள்.

"இதோ வாரேன் பாட்டி" என்று சொல்லிப் பொட்டலத்தைத் தலையணை ஓரமாக வைத்துவிட்டு, மெல்ல நழுவி விட்டாள்.

உப்பளத்து மகள்

வயது 18. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். தகப்பனார் உப்பளத் தொழிலாளி. மழை இறங்கி விட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் கடன்தான் சோறு போடும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்து பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, 3 ஆண்டு நர்சு டிப்ளமா படிப்பில் இடம் பிடித்தாள்.

ஊரே குதூகலப்பட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி ஜெபம் செய்தார். (நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள்.) "நர்சு வேலைன்னா சம்பளத்துக்குப் பாக்குற வேலை மட்டும் இல்ல, அது ஊழியம்" என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். முத்துநகர் எக்ஸ்பிரசில் ஏறி எழும்பூரில் இறங்கியபோது, பெட்டியில் இரண்டு சேலை, மூன்று சுடிதார், ஒரு வேதாகமம். கழுத்தில், திடப்படுத்தல் அன்று ஆச்சி போட்டு விட்ட சிலுவைச் சங்கிலி.

அந்தச் சங்கிலிக்குத்தான் முதல் நாளே ஆபத்து வந்தது.

"வளையல், மோதிரம், செயின் எதுவும் வார்டுக்குள்ள கூடாது. குனிஞ்சா அது நோயாளி புண்ணுல போய் இடிக்கும். ஒரு ஆள் கிருமிய இன்னொரு ஆளுக்குக் கொண்டு போய்க் கொடுக்கும். கழட்டிப் பெட்டியில வை" என்று சொல்லி விட்டார் டியூட்டர். தாலிச் சங்கிலி போட்ட சீனியர் நர்சுகள்கூட அதை உள்ளே விட்டு ஊக்குக் குத்தித்தான் வேலை பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று ராத்திரி சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

மூச்சை எண்ணும் தந்திரம்

அடுத்த இடி, இங்கிலீஷ். ஊரில் தமிழ் மீடியம். இங்கேயோ உடம்பில் உள்ள எலும்பு ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பேர். மொத்தம் 206 எலும்பு! "ஊர்ல மீன் முள்ளத் தவிர எனக்கு எந்த எலும்பும் தெரியாது" என்று அறைத்தோழியிடம் அவள் சொல்ல, ஆரணிக்காரியான அந்தத் தோழி சிரித்தாளாம். அவளும் தமிழ் மீடியம்தான். இருவரும் கழிப்பறைச் சுவர் வரைக்கும் சீட்டு ஒட்டி மனப்பாடம் செய்தார்கள்.

ஆனால் கையால் செய்கிற பாடங்களில் அவள் கெட்டிக்காரி. படுக்கை விரிப்பு துளிச் சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் நகர முடியாத நோயாளியின் முதுகை அது அறுக்கும், புண் வரும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதும் அதற்காகத்தான்.

நாடி பார்ப்பதில் ஒரு தந்திரம் உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது. நர்சு மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விட மாட்டார். நாம் நாடிதான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அவர் கண்ணோ நம் மார்பின் மேல் இருக்கும். மூச்சை எண்ணிக் கொண்டிருப்பார்! "மூச்சு எண்ணப் போறேன்" என்று சொல்லி விட்டால் யாரும் இயல்பாக மூச்சு விடுவதில்லை, அதனால்தான்.

இதெல்லாம் பொம்மையை வைத்துப் பழகியது. பொம்மை வாந்தி எடுக்காது. பெட் பேன் கேட்காது.

வார்டுக்குள் போன முதல் நாள், ஒரு நோயாளியின் பெட் பேனை எடுத்துக் கொண்டு போய்க் கொட்டிவிட்டு, அங்கேயே அவளும் வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடுதியில் போன் பேச அனுமதித்த நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எம்மா, என்னால முடியாதும்மா. இது ஊழியமா? பீ அள்ளுத வேலையா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஏட்டி, ஒரு வாரம் பாரு. பொறவு பேசுவோம்" என்றார் தாய். தகப்பனார் போனை வாங்கி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "முடியலன்னா வந்துரும்மா. உப்பளம் எங்கயும் போயிராது."

அதைக் கேட்டபின் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் கால் விரல் இடுக்கு எல்லாம் உப்புத் தண்ணீரில் வெந்து கிடக்கும். ஊருக்குத் திரும்பினால் அவளுக்கும் அதுதான்.

'சிஸ்டர்' வந்த கதை

அவள் முகம் சுளித்ததில் தப்பு இல்லை. ஒரு காலத்தில் ஊரே சுளித்தது. பிறத்தியார் மலஜலம் தொடுகிற வேலை, ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்குகிற வேலை என்று பெரும்பாலான குடும்பங்கள் பெண்ணை அனுப்ப மறுத்தன. மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்களும் விதவைகளும் ஆதரவற்ற பெண்களுமே அப்போது கூடுதலாக இந்த வேலைக்கு வந்தார்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சு பள்ளி தொடங்கியது 1909-ல். பிரசவ வேதனையில் கிடந்த பெண்களைப் பார்க்க ஆண் டாக்டர் கூடாது என்று வீட்டார் மறுத்து, ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைத் திண்டிவனத்தில் கண்டவர் அவர். 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டமே வந்தது.

'சிஸ்டர்' என்று நாம் கூப்பிடுகிறோமே, அது கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்துப் பெயர். இன்று எந்த மதத்து நர்சு வந்தாலும் நமக்கு சிஸ்டர்தான். வியாசர்பாடிப் பாட்டிக்கு மட்டும் எல்லோரும் 'யம்மா பொண்ணு'.

"நீதான் கை"

அந்தப் பாட்டியிடம் இருந்து நழுவிய மாணவி, நேராக டியூட்டரிடம் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். டியூட்டரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்தான்.

"பாட்டிக்கு நீ தலை வாரி விடறியா?"

"வாரி விடுதேன் மேடம்."

"ஏன்?"

"அவங்க கைக்கு முடியாதுல்லா..."

"அப்ப இது மட்டும் என்ன? உன்ன யாரும் கும்பிடச் சொல்லலம்மா. அவங்களுக்குக் கை இல்ல. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீதான் கை. உனக்கு மனசு ஒப்பலன்னா உன் தோழியக் கூப்பிடு, தப்பில்ல. ஆனா பாட்டியக் காக்க வைக்காத."

கூடவே, பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். விர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்க நர்சு வகுத்த பட்டியல் அதில் இருக்கிறது. உடம்பில் பலம் இருந்தால் ஒரு மனிதர் தானே என்ன செய்து கொள்வாரோ, அதைச் செய்ய உதவுவதுதான் நர்சின் வேலை என்றவர் அவர். அப்படி 14 தேவைகளைச் சொன்னார். முதலாவது மூச்சு விடுவது. இரண்டாவது சாப்பாடு. மூன்றாவது, அவளை ஓட ஓட விரட்டிய அந்த பெட் பேன் சமாசாரம்! பதினோராவதாக இருந்தது: அவரவர் நம்பிக்கைப்படி வழிபடுவது.

பரீட்சைக்காக அந்த 14-ஐயும் அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

தோழியைக் கூப்பிடலாமா என்று வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். கூப்பிடவில்லை. கையைக் கழுவிக் கொண்டு திரும்பி வந்தாள். பாட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொண்டிருந்தார். பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒரு விரலால் தொட்டு ஒரு கோடு இழுத்தாள்.

"ஐய, அப்டி இல்லம்மா. மூணு வெரலால எட்த்து அப்டியே இஸ்து வுடு" என்றார் பாட்டி. இரண்டாம் தடவை அதிகமாகி விட்டது. மூக்கில் கொட்டிப் பாட்டிக்குத் தும்மல் வந்தது. தும்மினால் இடுப்பு வலிக்கும். "அடப்பாவி, கொன்னுடாதம்மா" என்று வலியிலும் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்து விட்டது. வார்டுக்கு வந்து ஏழு நாளில் அவள் சிரித்தது அன்றுதான்.

மறுநாளில் இருந்து நாடி, மூச்சு, டெம்பரேச்சர், தலை வாருதல், திருநீறு என்று அவள் வேலை வரிசை அமைந்து விட்டது.

அந்த ஞாயிறும் அவளுக்குக் காலை டூட்டிதான். பிறந்ததில் இருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. மாலை ஆராதனைக்குப் போனாள். பிரசங்கம் தொடங்கியதும் உட்கார்ந்தபடியே தூங்கி விட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கடைசிப் பாட்டுக்குத்தான் தட்டி எழுப்பினார்.

பெட்டியைக் கட்டும் பேச்சு அதன்பின் எழவில்லை. ஆனால் திருநீறு சங்கதியை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. ஐயர் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ, ஆச்சி என்ன சொல்வாளோ என்று பயம். மூன்று வாரம் மறைத்து வைத்தவள், ஒரு நாள் மாலை போனில் அம்மாவிடம் கொட்டி விட்டாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்து விட்டதோ என்று "எம்மா, எம்மா" என்று கூப்பிட்டாள்.

"கேக்குதுட்டி" என்றார் தாய். "அந்தப் பாட்டிக்குக் கட்டு எப்பப் பிரிப்பாங்களாம்?"