பழைய எந்திரத்துக்குப் புதுக் கன்ட்ரோலர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் என்றொரு ஊர். அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் பவர்டிரெய்ன் ஆலையில், 1990களின் நடுவில், நான்கு அச்சுகள் கொண்ட கெர்னி அண்ட் டிரெக்கர் எந்திரம் ஒன்றுக்குப் புதுக் கன்ட்ரோலர் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கியது எந்திரக் கம்பெனி அல்ல. அளவைத் தரங்களை வகுக்கும் அரசு நிறுவனமான நிஸ்ட். அரசு ஊழியர்கள் எழுதிய மென்பொருள் என்பதால் அமெரிக்காவில் அதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஆர்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் இன்று யாரும் இலவசமாகப் பெறலாம்.

இதன் அருமை, கணினிக் கட்டளையில் ஓடும் பழைய சிஎன்சி எந்திரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் புரியும். வார்ப்பிரும்பு உடலும் ஸ்பிண்டிலும் திடமாக இருக்கும்போதே கன்ட்ரோலர் படுத்துவிடுகிறது. போர்டிலுள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகின்றன. பேட்டரி தீர்ந்தால், அதன் தயவில் நினைவகத்தில் இருந்த அளவமைப்புகள் அழிந்துபோகும். மாற்று போர்டு தேடினால் தயாரிப்பே நின்றிருக்கும். நல்ல எந்திரம் இப்படித்தான் எடைக்குப் போகிறது.

உடலை வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றலாம்: பழைய கன்ட்ரோலர் இருந்த இடத்தில் லினக்ஸ்சிஎன்சி ஓடும் கணினி. சர்வோ மோட்டாரும் டிரைவும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையும் விட்டுவைக்கலாம். மேசை எங்கே நிற்கிறது என்பதை மோட்டாரில் உள்ள என்கோடர் துடிப்புகளாகச் சொல்லும். எங்கே நிற்க வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, பத்து வோல்ட்டுக்குள் ஒரு கட்டளையை டிரைவுக்கு அனுப்புகிறது. இந்தக் கணக்கு வழக்கமாக ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது.

தாமதம் இங்கே பொல்லாதது. நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் மேசை ஒரு மில்லி விநாடியில் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நுணுக்கமான உதிரிபாகத்தில் அது பெரும் பிழை. அதனால்தான் சாதாரண லினக்ஸ் போதாமல், நேரம் தவறாத வகையில் மாற்றப்பட்ட லினக்ஸ் தேவைப்படுகிறது.

புதுக் கன்ட்ரோலர் தேய்மானத்தைத் தீர்க்காது. மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் விழுந்த பேக்லாஷை, அதாவது தளர்வை, மென்பொருள் ஓரளவு ஈடுகட்டும். தேய்ந்த ஸ்லைடை அதனால் நிமிர்த்த முடியாது. ஆகவே முதல் செலவு டயல் கேஜை வைத்து எந்திரத்தை அளப்பதற்கே போக வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் விஷயத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது: கணினியை நம்பாமல், டிரைவின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும்படி ஒயரிங் செய்ய வேண்டும்.

அமைப்புகள் அனைத்தும் இனி சாதாரண உரைக் கோப்புகளில் இருக்கும். கணினி பழுதானால், பிரதி எடுத்து வைத்த கோப்புகளை வேறொன்றில் ஏற்றி, அதன் தாமதத்தைச் சோதித்துவிட்டு, வேலையைத் தொடரலாம்.