கத்திரி படுவதற்கு முன்

ஓசூரிலும் தளியிலும் மார்கழி இரவைக் கனமான போர்வை இல்லாமல் கழிக்க முடியாது. துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குயில்ட்டை வீட்டிலேயே தைப்பவர்கள் துணி வாங்க இங்கே பல வழிகள் உண்டு. உள்ளூர்க் கடைகள் இருக்கின்றன, ஜவுளிக்குப் பெயர்போன பர்கூர் இருக்கிறது, அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு சிக்பேட்டை. கார்மென்ட்ஸ் ஆலைகளில் மிஞ்சும் கட் பீஸ் கிலோக் கணக்கிலும் கிடைக்கிறது. எப்போது, எவ்வளவு வாங்குவது என்பதை நாம் பெரும்பாலும் விலையை வைத்தே முடிவு செய்கிறோம். ஆடித் தள்ளுபடி என்றால் அள்ளிக்கொண்டு வந்து அடுக்கிவிடுகிறோம். ஆனால் வாங்கும் அளவுக்கும் நேரத்துக்கும் சட்டத்திலும் விளைவு உண்டு. பிரித்துப் பார்த்து, சோதித்து, சில வாரங்களில் வெட்டக்கூடிய அளவுக்கு மேல் வாங்குபவர், துணியில் குறை இருந்தால் திருப்பித் தரும் உரிமையையும் சேர்த்தே அலமாரியில் பூட்டிவிடுகிறார்.

காரணம் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 41-ஆம் பிரிவு, வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு தரவேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு அந்த வாய்ப்புக்கு எல்லை போடுகிறது. ‘வேண்டாம்’ என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்திருந்தாலோ, தனக்கே சொந்தம் என்பதுபோல் அதைக் கையாண்டாலோ, அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நான்கு மீட்டர் துணியையும் சதுரம் சதுரமாக வெட்டுவது அப்படிக் கையாள்வதுதான். அதன் பிறகு பொதுவாக இழப்பீடு கேட்கலாமே தவிர, துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் காலக் கணக்கு வைத்திருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அதற்குப் பில்லில் குறித்த காலம் பொருந்தும், குறிப்பு இல்லையென்றால் 30 நாள். ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் குறையுள்ள துணிக்கான பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆடியில் வாங்கிய துணியைத் தையில் பிரித்துச் சாயம் போகிறது என்று சொன்னால், அந்த 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

ஆகவே எவ்வளவு தேவை என்பதைக் கடைக்குப் போகுமுன் கணக்கிட வேண்டும். 60 அங்குல அகலம், 90 அங்குல நீளமுள்ள ஒற்றைக் கட்டில் குயில்ட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பை மட்டும் பார்த்தால் 44 அங்குலத் துணியில் 3.1 மீட்டர் போதும்போலத் தோன்றும். ஆனால் தைத்தபின் 5 அங்குலம் நிற்கவேண்டிய சதுரத்தைத் தையலுக்கு விட்டு ஐந்தரை அங்குலமாக வெட்டவேண்டும். மொத்தம் 216 சதுரங்கள். கரை போக மிஞ்சும் 42 அங்குல அகலத்தில் ஒரு வரிசைக்கு ஏழு சதுரமே கிடைக்கும், ஆகவே 31 வரிசை. அதற்கு 4.33 மீட்டர் ஆகிறது, சுருக்கத்துக்கு இடம் விட்டால் நாலரை. அடித்துணி மேல்துணியைவிடப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். 44 அங்குலத் துணியை இரண்டாக இணைத்தால் கிட்டத்தட்ட 5 மீட்டர் பிடிக்கும், அதையே 108 அங்குல அகலப் படுக்கைவிரிப்புத் துணியில் எடுத்தால் ஒன்றே முக்கால் மீட்டரில் முடிந்துவிடும். மீட்டர் விலையை மட்டும் ஒப்பிடுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

கிலோக் கணக்கில் வாங்கும்போது ஏமாறும் வாய்ப்பு இன்னும் அதிகம். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள 44 அங்குலத் துணி, கிலோவுக்கு ஏறத்தாழ ஏழரை மீட்டர் வரும். 200 கிராம் துணியென்றால் நாலரை மீட்டர்கூட வராது. தடிமனைக் கேட்காமல் கிலோ விலை மலிவு என்று சொல்வதில் அர்த்தமில்லை. தராசும் மீட்டர் கோலும் முத்திரை இட்டவையா என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை. கோலுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை, அளவு குறைந்தால் அங்கே புகார் செய்யலாம்.

வீட்டுக்கு வந்ததும், அல்லது முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கிவந்து, துணியில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்து அலசிக் காயவைத்து மீண்டும் அளக்க வேண்டும். 19 சென்டிமீட்டர் நின்றால் சுருக்கம் 5 சதவீதம். ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பது தெரிந்துவிடும். ஒரு நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். சோதனைக்காக ஓரத்தில் சாண் அளவு வெட்டுவது 41-ஆம் பிரிவு தரும் பரிசோதனை உரிமைக்குள் அடங்கும் என்று வாதிட நல்ல இடமுண்டு. முன்பே வாங்கிய மாதிரியைக் காட்டி மீதியை வாங்கும்போது ‘மாதிரிப்படி’ என்று பில்லில் எழுதச் சொல்வது இன்னும் பலம். அப்போது 17-ஆம் பிரிவின்படி மொத்தத் துணியும் அந்த மாதிரிக்கு ஒத்திருந்தே ஆகவேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே நிறமானாலும் சாய லாட்டுக்கு லாட் மாறும், பிறகு போனால் அதே துணி கிடைக்காது. உண்மைதான். அதனால் ஒரு குயில்ட்டுக்கு வேண்டிய பார்டரையும் அடித்துணியையும் ஒரே தானிலிருந்து அரை மீட்டர் கூடுதலாக ஒரே நாளில் வாங்குவதே சரி. ஆனால் அந்த நியாயம் கையிலுள்ள வேலைக்குத்தான் பொருந்தும், இன்னும் மனதில்கூட உருவாகாத அடுத்த நான்கு போர்வைகளுக்குப் பொருந்தாது. பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் என்ற பேச்சும் அடிபடுகிறது. துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய்க்கு 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்காக, வாங்கியதற்கான ஆதாரத்தையே விட்டுக்கொடுக்கிறோம். பில் தராமல் விற்பதும் 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

‘நான் தைத்து விற்கிறேன், நான் எப்படி நுகர்வோர்?’ என்ற தயக்கம் வீட்டில் தைக்கும் பெண்கள் பலரைத் தடுக்கிறது. வணிக நோக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்பது விதி. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், பழைய நுகர்வோர் சட்டத்தின்கீழ், இந்த விலக்குப் பொருந்துமா என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்று விளக்கியது. இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங்குக்கு விலக்குக் கிடைக்கவில்லை. தன் கையால் தைத்துக் குடும்பம் நடத்துபவரின் நிலை வேறு. மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினால் அந்த வேறுபாடு மங்கும். அளவாக வாங்க இதுவும் ஒரு காரணம்.

மாநில எல்லை கடந்து வாங்குவோர் முக்கியமாக அறியவேண்டியது ஒன்று. பழைய 1986 சட்டத்தில் சிக்பேட்டைக் கடைமீது புகார் என்றால் பெரும்பாலும் பெங்களூருக்கே அலையவேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எண்ணூறு ரூபாய்த் துணிக்கு யார் வழக்குப் போடுவார்கள் என்றால், முதல் படி வழக்கே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழில் பேசலாம், பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வரும். தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் புகார் பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, கால அவகாசம் 2 ஆண்டு. சாயமோ நூலோ தகராறானால் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். அதற்கு வெட்டாத துணி அரை மீட்டராவது கையில் இருக்கவேண்டும். அலசுமுன் எடுத்த படமும், 30 நாளுக்குள் கடைக்கு வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ எழுத்தில் அனுப்பிய புகாரும் பில்லோடு சேர்ந்திருக்கட்டும்.