நோய் தணிந்த பின்னும் நீடிக்கும் மறதி: இருமுனைக் கோளாறும் அறிதிறனும்

இருமுனைக் கோளாறு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவன மன எழுச்சி, மனச்சோர்வு என்ற இரண்டு நிலைகளே. எழுச்சியில் தூக்கம் அதிகம் தேவைப்படாது. பேச்சும் செலவும் கட்டுமீறிப் போகும். சோர்வில் எதிலும் பிடிப்பிருக்காது. இந்த இரண்டும் அடங்கி மனநிலை சீரான பிறகும் பலரிடம் ஒரு குறை மிஞ்சுகிறது. கவனம் நிலைப்பதில்லை, கேட்டது மனத்தில் தங்குவதில்லை, தொடங்கிய வேலையை வரிசைப்படுத்தி முடிக்க இயலுவதில்லை. மருத்துவம் இதை அறிதிறன் குறைவு என்கிறது.

இக்குறை நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் 1899-இல் வெளியிட்ட பாடநூல் பதிப்பில், இன்று மனச்சிதைவு எனப்படும் நோயையும் எழுச்சி-சோர்வு நோயையும் இரண்டாகப் பிரித்தார். முன்னது அறிவைச் சிதைக்கும், பின்னது விட்டு விட்டு வந்து தணியும் என்பது அந்தப் பிரிவினையின் அடிப்படை. நோய் தணிந்திருக்கும் நாட்களில் நோயாளியின் அறிவுத்திறன் முழுமையாக இருக்கும் என்ற எண்ணம் அதிலிருந்து வேரூன்றியது. மனநிலை சமனாக உள்ளவர்களை முறையாகச் சோதிக்கத் தொடங்கிய பிறகுதான் அது மாறியது.

சோதனைகளில் மூன்று திறன்கள் முக்கியமாகப் பின்தங்குகின்றன. முதலாவது சொல்வழி நினைவாற்றல். 15 சொற்களை ஐந்து முறை வாசித்துக் காட்டி, சுமார் அரை மணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லக் கேட்டால், இவர்களுக்கு நினைவில் நிற்பவை சராசரியைவிடக் குறைவு. இரண்டாவது, கவனமும் சிந்தனை வேகமும். மூன்றாவது, திட்டமிடுதல், தேவைக்கேற்ப வழியை மாற்றிக்கொள்ளுதல், எழும் உந்துதலை அடக்குதல் ஆகிய நிர்வாகத் திறன். 1935-இல் வெளியான ஸ்ட்ரூப் சோதனை இதைக் காட்டும். ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும்.

சொல்வளமும் பொதுஅறிவும் பெரும்பாலும் குறைவதில்லை. ஆகவேதான் வெளிப்பார்வைக்குக் குறை தெரிவதில்லை. நன்றாகப் பேசுபவர் வேலையில் தடுமாறும்போது, வீட்டாரும் மேலதிகாரியும் அதைச் சோம்பல் அல்லது அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது நோயின் ஒரு பகுதி. அந்தப் பழிக்கு அவர் ஆளாகக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே அளவில் இக்குறை இருப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் பர்டிக் தலைமையிலான குழு 2014-இல் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது: குறை ஏதும் இல்லாதவர்கள், சில திறன்களில் மட்டும் பின்தங்கியவர்கள், பல திறன்களிலும் பின்தங்கியவர்கள். பலமுறை நோய் வந்தவர்களிடமும், மாயக்குரல் கேட்டல் போன்ற அறிகுறிகள் இருந்தவர்களிடமும் குறை கூடுதலாகக் காணப்படுகிறது. முழுதும் தீராத லேசான சோர்வு, தூக்கக்கேடு, மது, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதைப் பெருக்கும். சில மருந்துகள் மந்தத்தை உண்டாக்குவதும் உண்மை. எனினும் மருந்தைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். ஒவ்வொரு முறை திரும்புவதும் அறிதிறனுக்கே கேடாகலாம். அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுவதே வழி.

நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரிடம் செய்த சோதனைகள் இன்னொரு உண்மையைக் காட்டின. நோயே வராத இவர்களிலும் சொல்வழி நினைவு, நிர்வாகத் திறன் ஆகியவற்றில் சராசரியாகச் சிறு குறைவு தெரிகிறது. நோயாளிகளிடம் காணப்படுவதைவிட அது மிகக் குறைவு. இவர்கள் மருந்து உண்பவர்களும் அல்லர், நோயின் தாக்குதலுக்கு ஆளானவர்களும் அல்லர். எனவே குறையின் ஒரு பங்கு மரபுவழி வருவதாக இருக்கலாம். பொதுமக்களில் நூற்றில் சுமார் ஒருவருக்கு வரும் இந்நோய், நெருங்கிய இரத்த உறவினரில் 5 முதல் 10 பேருக்கு வருகிறது. எந்த மரபணுக்கள் எந்தத் திறனைப் பாதிக்கின்றன என்று தேட உறவினர்களின் சோதனை முடிவுகள் உதவுகின்றன. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களை நீண்டகாலமாகத் தொடர்ந்து ஆராய்கிறது.

உறவினர்களிடம் தெரியும் இந்தக் குறைவைக் கொண்டு தனி ஒருவருக்கு நோய் வரும் என்று கணிக்க முடியாது. உறவினர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. 2010-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், 16 வயதில் பள்ளியில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு, நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களைவிடப் பிற்காலத்தில் இருமுனைக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. சிறுவயதுத் திறமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு ஒரே திசையில் செல்வதன்று.

குறை அறியப்பட்டால் வாழ்க்கையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் 239 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒன்றாக 21 அமர்வுகளில் நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றுக்கு அன்றாட உத்திகள் கற்பிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் வேலையும் சமூக வாழ்வும் மேம்பட்டன. குறிப்பேட்டில் எழுதுதல், கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தல், ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒழுங்கான தூக்கம் ஆகிய எளிய வழிகளை வீட்டிலேயே தொடங்கலாம். மறதி நீடித்தால் மருத்துவரிடம் சொல்லி அறிதிறன் சோதனை கேட்கலாம். எழுச்சியும் சோர்வும் அடங்கியதோடு சிகிச்சை முடிந்துவிடாது. நோயாளி தன் படிப்புக்கும் வேலைக்கும் திரும்புவதும் அதன் இலக்காக வேண்டும்.