முடி உதிர்கிறதா? குளிசை எடுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள்

மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு வெளியேறி, பதுளைக்கு அருகே தற்காலிக வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். வீட்டுத் தாய் தாளில் சுற்றி வைத்திருந்த முடியைக் காட்டினார். "சீப்பு வச்சா கொத்தா வருது சாமி. கொழும்புல வேல செய்யிற தம்பி, அவன் போடுற குளிசைய குடுத்திருக்கான். நானும் போடலாமுங்களா?" என்று கேட்டார். அப்போது அவர் இரண்டு மாதக் கர்ப்பிணி. கேட்காமலே விழுங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை விளக்கவே இக்கட்டுரை.

ஆண்களின் உடலில் அதிகமாகவும் பெண்களின் உடலில் சிறிதளவும் ஆண் ஓமோன் சுரக்கின்றது. அதை ஒரு நொதியம் மேலும் வீரியமான ஓமோனாக மாற்றுகின்றது. பரம்பரையாக வழுக்கைத் தன்மை உள்ளவர்களில் இந்த வீரிய ஓமோன் முடி வேரைச் சுருக்கிவிடும். முடி வருடக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் வெளிக்கும். பெண்களுக்கு வகிடு அகலமாகும்.

இவ்வகை உதிர்வுக்கே ஆண் ஓமோனைத் தடுக்கும் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. பினாஸ்டரைட் அந்த நொதியத்தைத் தடுக்கின்றது. ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை, ஓமோன் முடி வேரில் வேலை செய்யாதபடி தடுக்கின்றன.

பினாஸ்டரைட் பிறந்த கதையை நாம் அறிந்திருப்பது நல்லது. டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற பின்தங்கிய கிராமத்தில், பிறக்கும்போது பெண்பிள்ளை என எண்ணி வளர்க்கப்பட்ட சிலர், பருவ வயதில் ஆண்களாக மாறினர். அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் குழுவினரும் இதை ஆராய்ந்து 1974இல் காரணத்தை வெளியிட்டனர். இவர்களுக்குப் பிறவியிலேயே அந்த நொதியம் குறைவு. வளர்ந்த பின்னர் இவர்களுக்கு வழுக்கை விழவில்லை. புரொஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. இதைக் கொண்டு உருவான பினாஸ்டரைட் அமெரிக்காவில் 1992இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் அனுமதிக்கப்பட்டது.

நமக்கான எச்சரிக்கையும் இக்கதையிலேயே உள்ளது. கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு சரியாக உருவாக அந்த நொதியம் அவசியம். கர்ப்பிணித் தாய் இக்குளிசையை எடுத்தால், அக்குறை குழந்தைக்கும் ஏற்படலாம். உடைந்த குளிசையைக் கர்ப்பிணிகள் கையால் தொடுவதும் கூடாது.

மேலும், அந்தத் தாயின் முடி உதிர்வு இவ்வகையானதே அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது போன்ற அனர்த்தம், இடப்பெயர்வு, கடும் காய்ச்சல், பிரசவம், உணவுக்குறைவு ஆகியவற்றுக்குப் பின், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் முடி கொத்தாக உதிரலாம். பெரும்பாலும் ஆறு மாதங்களில் தானாகவே குறைந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் நோயும் கூட முடியை உதிர்க்கும். இவற்றுக்கு ஓமோன் தடுப்புக் குளிசை பயன் தராது.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்:

1. ஒருவருக்கு எழுதிய குளிசையை மற்றவர் பாவிக்க வேண்டாம்.

2. பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுக்கப்படுவதுண்டு. அதை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. சிறுநீரக நோய் இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

3. பினாஸ்டரைட் எடுக்கும் ஆண்கள் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனச்சோர்வும் வரலாம். வெட்கப்படாமல் வைத்தியரிடம் கூறுங்கள்.

4. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். வறிய குடும்பம் இச்செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாயைக் குடும்பநல மாதுவிடம் அனுப்பினோம். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்த இரும்புச்சத்துக் குளிசைகளை ஒழுங்காக எடுத்தார். தம்பியின் குளிசை தம்பிக்கே திரும்பிப் போயிற்று.

உங்கள் வீட்டிலும் எவருக்கேனும் முடி உதிர்ந்தால், முதலில் குடும்பநல மாதுவிடமோ தோட்ட வைத்தியரிடமோ கேளுங்கள். தேவையானால் அவர்கள் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காரணம் தெரிந்த பின்பே மருந்து.