கட்டத்தில் விழுந்த குறி

விடுதியில் இரவு உணவு வேண்டுவோரைக் கணக்கெடுக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வலைப்பக்கம் எழுதினேன். பெயருக்கு எதிரே செக்பாக்ஸ். குறியிட்டால் 'சேஞ்ச்' நிகழ்வு எழும். என் நிரல் ஒன்றைக் கூட்டும், குறியை எடுத்தால் கழிக்கும். அறைதோறும் 'அனைவரும்' என்றொரு கட்டமும் வைத்தேன். அங்கேதான் இடறினேன். அதை அழுத்தியதும் அறையினர் எல்லோருக்கும் குறி விழுந்தது. எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. அன்றிரவு கடைசிப் பந்தியில் 11 பேருக்குச் சோறில்லை. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சுட்டியாலோ இடைவெளி விசையாலோ நாம் மாற்றினால்தான் அந்நிகழ்வு எழும். நிரலே 'செக்டு' பண்பை மாற்றினால் உலாவி வாய் திறப்பதில்லை. ஆகவே கூட்டிக் கழிப்பதை விட்டேன். எந்தக் கட்டம் மாறினாலும் குறியுள்ளவற்றை முதலிலிருந்து எண்ணச் செய்தேன். 'வேல்யூ'வைப் பார்த்து எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே. குறி இருந்தாலும் இல்லாவிடினும் அது மாறாது.